சந்தனம் வைத்த இடம்

மெஷினைத் திறப்பதற்கு முன்னால் வாயைத் திறக்க வேண்டும். இந்தத் தொழிலில் முப்பத்து நான்கு வருஷம் இருந்த எனக்கு ஸ்குரூ டிரைவர் பிடிபட்ட அளவுக்கு இந்த ஒன்று மட்டும் பிடிபடவில்லை. நாலு பேர் நிற்கிற இடத்தில் பேசச் சொன்னால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை காய்ந்துவிடும். மெக்கானிக் வேலை பழகுகிற நீங்கள் உங்கள் கூட்டத்துக்கு வந்து பேசச் சொன்னபோது வரமாட்டேன் என்றதும், எழுதித் தருகிறேன் என்றதும் அதனால்தான். அஞ்சாம் வகுப்போடு நின்ற எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

லூப்பரை எப்படி செட் செய்வது, எந்தத் துணிக்கு எந்த ஊசி என்பதெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது உங்கள் போனிலேயே இருக்கிறது. என் காலத்தில் ஒரு மெஷினின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவே ஆறு மாதம் எண்ணெய் துடைக்க வேண்டும். நீங்கள் பஸ்ஸில் வரும்போதே பார்த்துவிடுகிறீர்கள். நல்லதுதான். போனில் இல்லாத ஒன்றைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் முதலில் டெய்லர். பனியன் கம்பெனியில், துணி ஓரத்தைப் பின்னித் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைத்தவள். அந்தக் கம்பெனிக்கு வரும் மெக்கானிக் ஒருவர்தான் எனக்குத் தொழில் காட்டினார். பெண்பிள்ளைக்கு எதற்கு ஸ்பேனர் என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. அவரிடம் ஒரு பழக்கம். எவ்வளவு அவசரமாகக் கூப்பிட்டாலும் வந்த உடனே மெஷினைத் தொடமாட்டார். டெய்லரின் ஸ்டூலில் உட்காருவார், டீ வாங்கிக் குடிப்பார், பிறகு கேட்பார். "கடைசியா இதைத் தொட்டது யாருங்க? தொட்டு என்ன பண்ணுனீங்க?"

வேலைக்குச் சோம்பி உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் சூப்பர்வைசர்கள் பேசுவார்கள். ஆனால் பத்துக்கு ஏழு தடவை அந்தக் கேள்வியிலேயே வேலை முடிந்துவிடும். யாராவது ஊசியைத் திருப்பி மாட்டியிருப்பார்கள். பக்கத்து மெஷினிலிருந்து நூல் ஸ்டாண்டை மாற்றி வைத்திருப்பார்கள். மெஷின் தானாகக் கெடுவது குறைவு, அதற்கு யாராவது ஏதாவது செய்திருப்பார்கள், பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான் என்பார்.

நான் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்த பிறகும் எல்லா மெஷினிடமும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டேன். மொபெட்டின் முன்னால் டூல்ஸ் பெட்டி, அவிநாசி ரோட்டிலிருந்து மங்கலம் வரைக்கும் ஏழெட்டுக் கம்பெனிகள். யாரிடமும் மாதச் சம்பளத்துக்கு நிற்கவில்லை. மெஷின்கள் மாறிக்கொண்டே இருந்தன. பெல்ட் போய் மோட்டார் உள்ளே வந்தது, பிறகு எலக்ட்ரானிக் போர்டு வந்தது, திரை வந்தது. ஒவ்வொன்று வரும்போதும், இனி உனக்கு வேலை இல்லை என்று யாராவது சொல்வார்கள். ஆர்டர் குறையும்போதும் அப்படித்தான். இப்போது வெளிநாட்டில் போட்ட வரி என்கிறார்கள். அதற்கு முன்னால் நூல் விலை, அதற்கு முன்னால் நோய். காரணங்களுக்கு மட்டும் இந்த ஊரில் என்றைக்கும் குறைவில்லை. வேலை தெரிந்தவளுக்கு வேலை இருந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பற்றி எனக்குப் பயமே வந்ததில்லை. பயமெல்லாம் பேசுவதில்தான்.

நான் சொல்லப்போவது நடந்த கம்பெனி மங்கலம் ரோட்டுப் பக்கம். குழந்தைகள் உடுப்பு தைக்கிற இடம். நான் தொழிலை விடுவதற்கு முந்தின வருஷம் பன்னிரண்டு புது ஓவர்லாக் மெஷின் ஒரே லைனில் இறக்கியிருந்தார்கள். இந்த மெஷினுக்குக் கண் உண்டு. ஊசிக்கு மேலே, சின்ன மிளகளவுக்குக் கறுப்புக் கண்ணாடி. துணி அடியில் வந்தால் கண் பார்த்துவிடும், மெஷின் தானே ஓடும். துணி போய்விட்டால் தானே நின்று நூலை வெட்டிவிடும். மெஷினை இறக்கியபோது அதை விற்ற கம்பெனிக்காரர்கள் ரெண்டு நாள் சொல்லிக்கொடுத்தார்கள். கண்ணில் எண்ணெய் படக் கூடாது என்று அவர்கள் சொன்னதை நானே டெய்லர்களிடம் பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானத்தோடு தையலை நிறுத்திவிடுவார்கள். மெஷினையெல்லாம் ஊதி, துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். அந்தக் கம்பெனியில் பொட்டு வைப்பது எப்போதும் நான்தான். முதலாளியின் அம்மா, நாங்கள் எல்லாரும் பெரியம்மா என்று கூப்பிடுவோம், அவர்தான் சந்தனத்தைக் குழைத்துக் கிண்ணத்தில் தருவார். உன் கை ராசியான கை அம்மணி என்பார்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மெஷினாகப் போனேன். ஏழாவது மெஷின் ஜெபராணியுடையது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த பெண், நாற்பது வயசு இருக்கும், கை சுத்தமான டெய்லர். மற்றவர்கள் கிளம்பிய பிறகும் உட்கார்ந்து தன் மெஷினைத் தானே துடைத்துக்கொண்டிருந்தாள். மேஜை ஓரத்தில் மாதா படம் ஒன்று ஒட்டியிருந்தது. வைக்கட்டுமா என்று கேட்கலாம் என்றுதான் நின்றேன். வேண்டாம் என்று சொல்ல அவளுக்குச் சங்கடம், சொல்லிவிட்டால் எனக்குச் சங்கடம். அதை நினைத்த உடனே வாய் வரவில்லை. லேசாகச் சிரித்துவிட்டு எட்டாவது மெஷினுக்குப் போய்விட்டேன். அவளும் சிரித்தாள்.

லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று காலையிலேயே போன் வந்தது. நான் போனபோது டெய்லர்கள் யாரும் இடத்தில் இல்லை. சுவரோரமாக நின்றிருந்தார்கள். சுவிட்சைப் போட்டால் மெஷின் தானாக ஓடுகிறது. துணி இல்லை, பெடலில் கால் இல்லை. வெறும் நூலைப் பின்னிக்கொண்டு ஓடுகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. வடக்கத்திப் பெண் ஒருத்தி "பூத்" என்றாள். பேய் என்கிற அந்த ஒரு இந்தி வார்த்தைக்கு அங்கே யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கண்ணை அணைத்துவிட்டுப் பெடலில் ஓட்டிப் பார்த்தோம். ஓடியது. ஆனால் நூல் வெட்டாது, பீஸுக்குப் பீஸ் சங்கிலியாகத் தொங்கும். அந்த வேகத்தில் தைத்தால் வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட் போகாது. கரண்ட் பார்த்தேன், எர்த் பார்த்தேன். விற்ற கம்பெனியின் இன்ஜினியர் வீடியோ காலில் வந்தார். திரையில் ஒரு எண்ணைக் கூட்டச் சொன்னார், குறைக்கச் சொன்னார், கடைசியில் மின்னழுத்தம் ஏறிப் போர்டு போயிருக்கும், புதுசு கொண்டு ரெண்டு நாளில் வருகிறேன் என்றார்.

மேனேஜர் சின்ன வயசுக்காரர். போனில் இருக்கிற அந்தப் பதில் சொல்கிற மூளையிடம் கேட்டார். அது வரிசையாகப் பத்துக் காரணம் சொன்னது. கண்ணில் தூசி இருக்கலாம் என்பதும் அதில் இருந்தது. அதைக் கேட்டுவிட்டு ஏர் கன்னை எடுத்து எல்லாக் கண்ணையும் ஊதியது நான்தான். ஒன்றும் மாறவில்லை. அந்த மூளையை நான் குறை சொல்லமாட்டேன். அதனிடம் சொன்னதை வைத்து அது சொன்னது. சொல்லாமல் விட்ட ஒன்று இருந்தது. அது தெரிந்தவள் நான் ஒருத்திதான், நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

மத்தியானத்துக்கு மேல், ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பார்த்தபோதுதான் மேனேஜர் ஒன்றைக் கவனித்தார். பன்னிரண்டில் பதினொன்றுதான் கெட்டிருக்கிறது. ஏழாவது மெஷின் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் தைக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பதினொன்று கெட்டு ஒன்று நன்றாக இருந்தால், அந்த ஒன்றின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். மற்றதிடம் இருக்கிற எது அதனிடம் இல்லை என்று தேட வேண்டும். மெக்கானிக் வேலை அதுதான். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் எல்லாரும் அந்த மெஷினைப் பார்க்காமல் அதில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்கள்.

அதற்கு முந்தின மாசம் தன்னை இந்த லைனுக்கு மாற்றியதற்கு ஜெபராணி சூப்பர்வைசரோடு வாக்குவாதம் செய்திருந்தாள். பூஜைக்கு முந்தின நாள் கடைசியாகக் கிளம்பியவளும் அவள்தான். ஆபீசில் கேமராப் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். எல்லாரும் போன பிறகு ஜெபராணி லைன் ஓரமாக ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நடக்கிறாள். ஃபேன் சுவிட்சுகளை அணைத்துக்கொண்டு போனேன் என்று அவள் சொன்னாள். படத்தில் கை எங்கே போகிறது என்று தெரியவில்லை. அதே படத்தில் அதற்குக் கொஞ்சம் முன்னால் நானும் இருக்கிறேன். கிண்ணத்தோடு ஒவ்வொரு மெஷினுக்கும் குனிந்து நிமிர்ந்து போகிறேன். அதை யாரும் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை. நம்மை நாமே சந்தேகப்படுவதற்குக் கேமரா உதவாது.

சாயங்காலத்தோடு அவளை நிறுத்திவிடுவது என்று முடிவானது. கம்பெனி கொடுத்த லைன் வீட்டில்தான் இருந்தாள், அதையும் காலி செய்ய வேண்டும். மகள் இங்கே பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், பொதுப் பரீட்சைக்கு நாலைந்து மாசம்தான். ஜெபராணி அழவில்லை. ஆபீஸ் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, மெஷினப் பத்தித் தெரிஞ்சவங்க நீங்கதான. நான் தொட்டாப் பதினோரு மெஷினு இப்பிடி ஆவுமா? ஒரு வார்த்த சொல்லுங்கக்கா."

ஆகாது என்று எனக்குத் தெரியும். போர்டைத் திறந்த அடையாளம் எதிலும் இல்லை. ஆனால் அப்படியானால் எதனால் ஆனது என்று திருப்பிக் கேட்பார்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லையே என்று நின்றேன். முழுப் பதில் தெரியாமல் வாயைத் திறக்கக் கூடாது என்பது என் கெட்ட பழக்கம். தெரிந்த பாதியையாவது அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் கையை விட்டுவிட்டாள். இதை எழுதும்போதும் அந்தக் கை நினைவுக்கு வருகிறது.

பெரியம்மாவுக்கு இது திருஷ்டி. வாசலில் பூசணிக்காய் உடைக்கச் சொன்னார், எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொன்னார், மறுபடியும் சந்தனம் குழைத்துக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

"நீயே மறுக்கா வெச்சுடு அம்மணி. போன தடவை ஏதோ குறை வெச்சுட்டோம்."

முதலாளி, மேனேஜர், டெய்லர்கள் எல்லாரும் நின்றார்கள். ஜெபராணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவோரம் இருந்தாள். நான் முதல் மெஷினுக்குப் போய்ச் சந்தனத்தைத் தொட்டு விரலை நீட்டினேன். விரல் தானாகப் போயிற்று. முப்பது வருஷமாகப் போகிற இடம், ஊசிக்கு நேர் மேலே, மெஷினுக்கு நெற்றி மாதிரி. பழைய மெஷினில் அது வெறும் இரும்பு. இந்த மெஷினில் விரலுக்கு நேர் கீழே அந்தக் கறுப்புக் கண்ணாடி இருந்தது.

விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. கடைசியாக இதைத் தொட்டது யார்? நான்.

குனிந்து பார்த்தேன். பொட்டு இல்லை. காலையில் டெய்லர்கள் வேஸ்ட் துணியால் துடைத்திருந்தார்கள். அந்தத் துணியின் எண்ணெயும் சந்தனமும் குழைந்து கண்ணின் மேல் மெல்லிசாகக் காய்ந்திருந்தது. டியூப் லைட்டில் கறுப்பாகத்தான் தெரியும், பக்கவாட்டில் பார்த்தால்தான் மஞ்சள். காற்றில் தூசி பறக்கும், இது பறக்காது. மெஷினுக்கு எப்போதும் கண் முன்னால் துணி இருக்கிற மாதிரியே இருந்திருக்கிறது. பாவம், அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

பெட்டியிலிருந்து ஸ்பிரிட் எடுத்து, முந்தானையால் அந்தக் கண்ணைத் துடைத்தேன். சுவிட்சைப் போட்டேன். மெஷின் அமைதியாக இருந்தது. துணியை வைத்தேன், ஓடியது. துணி போனதும் நின்று நூலை வெட்டியது.

பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். டெய்லர்கள் சத்தமில்லாமல் சிரித்தார்கள். மேனேஜர் கதவுப் பக்கம் பார்த்துச் சொன்னார். "பாத்தீங்களா? அந்தம்மா எந்திரிச்சதும் சரியாயிருச்சு."

பிள்ளைகளே, இதுதான் நான் சொல்ல வந்த இடம். மீதிப் பத்தையும் அப்படியே துடைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். மெஷின் சரியாகிவிட்டது, மெக்கானிக் வேலை முடிந்தது. கை ராசி என்ற பெயர் இன்னும் ஒரு படி ஏறியிருக்கும். ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. கெட்டது எப்படி என்று சொல்லாமல் சரி செய்தால், அந்தக் கெடுதல் யார் தலையிலாவது போய் உட்காரும். அன்றைக்கு அது பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றது.

நாலு பேர் இல்லை, கம்பெனியே நின்றது. இருந்தாலும் சொன்னேன். "அவங்க பண்ணுலீங்க. நானுங்க."

யாருக்கும் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை நானே பயப்படும் அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது.

"நான் வெச்ச சந்தனந்தானுங்க. கண்ணு மேலேயே வெச்சுட்டேன். ஏழாவது மெஷினுக்கு மட்டும் வெக்குல, அதுதான் அது கெடுல."

மேனேஜர் நம்பவில்லை. "அக்கா, பாவம் பாத்து உங்க தலையில எடுத்துப் போட்டுக்காதீங்க. ஒரு பொட்டு சந்தனத்துல இத்தனை நாள் ஓடுன மெஷின் கெடுமா?"

வாயால் சொல்லி நம்பவைக்கும் சாமர்த்தியம் எனக்கு இல்லை. கையால் சொல்ல முடியும். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஏழாவது மெஷினுக்குப் போனேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரே மெஷின். கம்பெனியே அதை நம்பித்தான் மத்தியானத்திலிருந்து தைத்துக்கொண்டிருந்தது. அதன் கண்ணில் எண்ணெய் விரலால் சந்தனத்தைத் தொட்டு வைத்து, வேஸ்ட் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, சுவிட்சைப் போட்டேன்.

துணி இல்லாமல் ஓட ஆரம்பித்தது.

அதை ஓடவிட்டு, ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன். நின்றது. முதலாளி பக்கத்தில் வந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து அந்தக் கண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. மேனேஜரிடம், அந்தம்மாவை இடத்தில் உட்காரச் சொல் என்று மட்டும் சொன்னார். பெரியம்மாதான் முதலில் பேசியது.

"ஏனம்மணி, சாமிக்கே கண்ணை உட்டுப்போட்டு நெத்தியிலதான வெக்கறோம். மெஷினுக்கு மட்டும் கண்ணுலயே வெச்சுட்டியே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு அந்தக் கம்பெனியில் என் பெயர் சந்தனக்கா. எந்த மெஷின் நின்றாலும் முதலில் யாராவது ஒருவர், அக்கா பொட்டு வைத்தாரா என்று கேட்பார்கள். கேட்கட்டும். அந்தக் கேள்வி மெஷினுக்கு நல்லது.

மீதிக் கண்களை நான் துடைத்துக்கொண்டு வரும்போது ஜெபராணி தன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பையை இன்னும் கழற்றவில்லை. மெதுவாகச் சொன்னாள். "ஒரு வழியா என் மெஷினுக்கும் வச்சிட்டீங்க."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "அன்னைக்கு நின்னுட்டுப் போனீங்கல்ல. எல்லாருக்கும் வச்சீங்க, எனக்கு மட்டும் ஏன் விட்டுட்டுப் போறாங்கன்னு நெனச்சேன். நானும் இந்த லைன்லதானக்கா இருக்கேன்."

அவள் மனசு நோகக் கூடாது என்று நான் பேசாமல் போனது, அவள் மனசை நோகடித்திருக்கிறது. ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டு வைத்திருந்தால் பன்னிரண்டும் கெட்டிருக்கும், காரணம் கிடைக்க இன்னும் ரெண்டு நாள் ஆகியிருக்கும், ஆனால் யாரும் யாரையும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். எது நல்லது என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கேட்காமல் விட்டது சரியில்லை என்பது மட்டும் தெரியும்.

ஷிப்மென்ட் போனது. மேனேஜர் அவளிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தீபாவளிக்கு ஊருக்குப் போக அவள் லீவு கேட்டபோது ரெண்டு நாள் சேர்த்தே கொடுத்தார். மகள் அந்த லைன் வீட்டிலிருந்தே பரீட்சைக்குப் போனாள். இப்போது கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படிக்கிறாள்.

அடுத்த ஆயுத பூஜைதான் நான் கடைசியாக வேலை பார்த்த பூஜை. பெரியம்மா கிண்ணத்தைக் கொடுத்தார். லைனுக்குப் போனால், பன்னிரண்டு மெஷினிலும் மோட்டார் மூடியின் மேல், கண்ணுக்கு ஒரு சாண் தள்ளி, டெய்லர் சாக்கட்டியால் சின்ன வட்டம் போட்டிருந்தது. யார் போட்டது என்று கேட்க வேண்டியதே இல்லை. ஏழாவது மெஷினிலும் வட்டம் இருந்தது. ஜெபராணி பக்கத்தில் துணியை மடித்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்காத மாதிரி.

வட்டம்தான் இருக்கிறதே, வைத்துவிட்டுப் போயிருக்கலாம். நான் அவள் முன்னால் நின்று கேட்டேன்.

"உன்ற மெஷினுக்கு வெக்கட்டுமா கண்ணு?"

"வைங்கக்கா" என்றாள். "பாத்து வைங்க."